ஃப்ளூ ஊசி "ஸ்டாக் இல்லை" என்றால் என்ன செய்வது? முதல்முறை போடுபவர்களுக்கான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்ததும் தமிழ்நாட்டில் காய்ச்சலும் இருமலும் வீடு வீடாக ஏறி இறங்கும். நாட்டின் பெரும்பகுதியில் இன்ஃப்ளூயன்சா தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் அதிகம். சென்னையில் அது அக்டோபர், நவம்பர் வாக்கில்தான் உச்சத்துக்குப் போகிறது. நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் என்பதால் காய்ச்சல் காலமும் தள்ளியே வருகிறது. "பரவுகிறது காய்ச்சல்" என்று செய்தித்தாளில் தலைப்பு வந்த பிறகுதான் பலருக்கு ஃப்ளூ ஊசி ஞாபகத்துக்கு வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால், அதே வாரத்தில் க்ளினிக்குகளில் "ஸ்டாக் இல்லை" என்ற பதிலும் வரத் தொடங்கிவிடும்.

இந்தக் கட்டுரை இதுவரை ஃப்ளூ ஊசியே போட்டிராதவர்களுக்கானது. அப்பாவுக்கு வீஸிங், அம்மாவுக்குச் சர்க்கரை, மனைவி கர்ப்பம், கைக்குழந்தை வீட்டில் என்று ஏதோ ஒரு காரணத்தால் இந்த வருடம் போட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்து, இரண்டு இடத்தில் கேட்டு இல்லை என்று திரும்பியவர்களை நினைத்து எழுதுகிறேன். "ஸ்டாக் இல்லை" என்றால் அந்தக் கடையில், அன்றைக்கு இல்லை. அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு தேடுவதை விட்டுவிடாதீர்கள்.

தட்டுப்பாடு எப்படி வருகிறது

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எப்போது, எங்கே கேட்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

ஃப்ளூ வைரஸ் வருடா வருடம் உருமாறுகிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை கூடி, அடுத்த பருவத்துக்கான ஊசியில் எந்தெந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கும், செப்டம்பரில் தெற்கு அரைக்கோளத்துக்கும் பரிந்துரை வரும். அதற்குப் பிறகுதான் உற்பத்தி தொடங்கும். இன்றும் பெரும்பாலான ஃப்ளூ ஊசிகள் கோழி முட்டைக்குள் வைரஸை வளர்த்துத்தான் தயாராகின்றன. தொடங்கியதிலிருந்து ஊசி கைக்கு வரச் சுமார் ஆறு மாதம் ஆகும். இந்தியாவுக்கு வரும் ஒவ்வொரு தொகுதியும் இமாச்சலப் பிரதேசம் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் அனுமதியையும் பெற வேண்டும். ஆகவே அக்டோபரில் தேவை திடீரென்று இரண்டு மடங்கானால், நவம்பருக்குள் இரண்டு மடங்கு ஊசி தயாரித்துவிட முடியாது. சில மாதங்களுக்கு முன்பு எவ்வளவு ஆர்டர் போட்டார்களோ அவ்வளவுதான் அந்தப் பருவத்துக்கு. போன வருட மிச்சத்தையும் காலாவதியாகிவிடுவதால் பயன்படுத்த முடியாது.

இன்னொரு காரணம் நம் நாட்டுக்கே உரியது. ஃப்ளூ ஊசி தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தின் வழக்கமான அட்டவணையில் இல்லை. போலியோ சொட்டு மருந்தைப் போல எல்லா அரசு மையத்திலும் எப்போதும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளும் குழந்தை மருத்துவர்களும்தான் வாங்கி வைக்கிறார்கள். விற்காமல் காலாவதியானால் நஷ்டம் என்பதால் அவர்களும் கையை அடக்கித்தான் வாங்குவார்கள். எனவே ஒரு பேட்டையில் தீர்ந்துபோனது, அடுத்த பேட்டையில் குளிர்பெட்டியில் இருக்கலாம்.

தட்டுப்பாடு என்றாலே நினைவுக்கு வரும் பெரிய நிகழ்வு அமெரிக்காவில் 2004-ல் நடந்தது. கைரான் (Chiron) என்ற ஊசி தயாரிப்பு நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த தொழிற்சாலையில் கிருமிக் கலப்புக் கண்டுபிடிக்கப்பட்டு, அக்டோபர் 5 அன்று அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்கா அந்தப் பருவத்துக்கு எதிர்பார்த்திருந்த சுமார் 10 கோடி ஊசிகளில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் இல்லாமல் போனது. முதியோர் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நியூ ஜெர்சியின் புளூம்ஃபீல்டு நகரத்தில் குலுக்கல் முறையில் ஊசி கொடுக்க வேண்டிய நிலை வந்தது. ஆரோக்கியமானவர்கள் இந்த வருடம் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அரசே கேட்டுக்கொண்டது. அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2005 ஜனவரிக்குள் பல இடங்களில் ஊசி மிஞ்சத் தொடங்கியது. யாருக்குப் போடலாம் என்ற கட்டுப்பாட்டையே தளர்த்த வேண்டியதாயிற்று. அக்டோபரில் இல்லை என்று கேட்டுத் திரும்பிய முதியவர்களில் பலர் மறுபடி போய்க் கேட்கவே இல்லை.

முதல் வேலை: வீட்டில் யாருக்கு முதலில்?

ஊசி தேடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, யாருக்குப் போடுவது?

கர்ப்பிணி இருந்தால் அவருக்கு முதலில் போடுங்கள். கர்ப்ப காலத்தில் ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரை போய்ச் சிக்கலாகும் ஆபத்து அதிகம். செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். இதில் இன்னொரு பயனும் உண்டு. பிறந்து ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்த ஆறு மாதத்துக்கு, தாய் வயிற்றில் இருக்கும்போதே பெற்றுக்கொண்ட எதிர்ப்புச் சக்தியைத்தான் அது நம்பியிருக்கிறது. ஒரே ஊசியில் இரண்டு பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஏற்கெனவே குழந்தை பிறந்துவிட்டது என்றால், பாலூட்டும் தாயும் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் பாட்டியும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து 65 வயதைத் தாண்டியவர்கள். வயது எதுவானாலும் ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைச் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனையில் மணிக்கணக்கில் இருக்க வேண்டியவர்கள் என்பதால் தொற்றுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். பிறகு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகள். இவர்களுக்கு ஆண்டுதோறும் போட வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால் அவரும் முன்வரிசைதான். நோயாளிகளிடமிருந்து வாங்கி வந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து கொண்டுபோய் நோயாளிகளுக்கும் பரப்பக்கூடிய இடத்தில் அவர் இருக்கிறார்.

முப்பது வயது, எந்த நோயும் இல்லை, வீட்டில் மேற்சொன்ன யாரும் இல்லை என்றால் தட்டுப்பாடு தீரும் வரை பொறுத்திருங்கள். அலுவலகத்தில் இலவச முகாம் போட்டு, உங்களுக்கு ஓர் ஊசி கிடைக்கிறது என்றால், "எங்க அம்மாவுக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். சில நிறுவனங்களில் குடும்பத்தினருக்கும் அனுமதி உண்டு. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

நேரில் அலையாதீர்கள். முதலில் போன். முதியவரைக் கூட்டிக்கொண்டு க்ளினிக் க்ளினிக்காக ஏறினால், காய்ச்சல்காரர்கள் நிறைந்த காத்திருப்பு அறையில் அவரை உட்கார வைப்பதுதான் மிச்சம்.

முதல் போன் குழந்தை மருத்துவருக்கு. பெரியவர்களுக்கான ஊசிக்கும் அவரைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். ஊரில் ஃப்ளூ ஊசியைத் தொடர்ந்து வாங்கி வைப்பவர்கள் பெரும்பாலும் குழந்தை மருத்துவர்கள்தான். நல்ல குளிர்பெட்டியும் பழகிய நர்ஸும் அவர்களிடம் இருக்கும். பிராண்டைப் பொறுத்து அதே ஊசி பெரியவர்களுக்கும் பொருந்தும். எல்லோரும் பெரியவர்களுக்கான மருத்துவமனையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே கிடைத்துவிடுவது உண்டு.

பிறகு நுரையீரல் மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவர். அதற்கடுத்து பெரிய தனியார் மருத்துவமனைகள். அங்கே வரவேற்பில் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. தடுப்பூசிப் பிரிவு அல்லது மருந்தகத்துக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பெரிய மெடிக்கல் ஷாப்புகள்.

கேட்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. "ஃப்ளூ ஊசி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இல்லீங்க" என்று வைத்துவிடுவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"வணக்கம்மா, ஃப்ளூ வேக்சின் ஸ்டாக் இருக்குங்களா?"

"இல்லீங்க சார், தீர்ந்துடுச்சு."

"மறுபடி எப்ப வரும்மா? ஆர்டர் போட்டிருக்கீங்களா?"

"ஸ்டாக்கிஸ்ட்கிட்ட சொல்லியிருக்கோம். அடுத்த வாரம் வரலாம்."

"எங்க அப்பாவுக்கு 72 வயசு, ஹார்ட் பேஷன்ட். பேரும் நம்பரும் எழுதி வெச்சுக்கிறீங்களா? வந்ததும் ஒரு போன் பண்ணா உடனே கூட்டிட்டு வந்துடுவோம். அட்வான்ஸ் வேணும்னாலும் கட்டிடறோம்."

வயதையும் நோயையும் சொல்வது முக்கியம். பத்துப் பேர் பட்டியலில் மூன்று ஊசி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எதிர்முனையில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டும். அதற்கான தகவலை நீங்களே கொடுத்துவிடுங்கள். "உடனே வருவோம்" என்பதும் அவர்களுக்கு ஓர் உறுதி. பெயர் கொடுத்த இடத்தில் ஊசி வருவதற்குள் வேறெங்காவது போட்டுவிட்டால், மறக்காமல் போன் செய்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் இன்னொரு பெரியவர் வருவார்.

மூன்று நான்கு இடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மறுபடி கேளுங்கள். வாரத் தொடக்கத்தில் காலையில் கேட்பது நல்லது. இந்த வாரம் சரக்கு வருமா என்று அப்போது சொல்லிவிடுவார்கள்.

ஒரு க்ளினிக் ஒரே ஒருவருக்காக ஊசி தருவிக்கத் தயங்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டால் நிலைமை வேறு. அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கம், நடைப்பயிற்சி நண்பர்கள், ஓய்வூதியர் சங்கம் என்று யாரையாவது சேர்த்து, "இத்தனை பேர் நிச்சயம் போட்டுக்கொள்வோம், பணம் முன்கூட்டியே தருகிறோம்" என்று மருத்துவரிடம் சொன்னால், அவர் நம்பிக்கையோடு ஸ்டாக்கிஸ்டிடம் பேசுவார். விற்காமல் போய்விடுமோ என்ற பயம் நீங்கினால் வாங்குவதற்கு அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

அரசுப் பக்கமும் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இருப்பு உண்டா என்று உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில், அருகில் எந்த அரசு மருத்துவமனையை அணுகலாம் என்று கேட்கலாம். செலவழிக்க இயலாதவர்கள் இதை விட்டுவிட வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, தனியாரில் ஓர் ஊசி பெரும்பாலும் 1,500 ரூபாய்க்கு மேல், சில பிராண்டுகள் 2,000-ஐயும் தாண்டும். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஊசிக்கு வாங்கக் கூடாது. மருத்துவர் கட்டணமும் ஊசி போடும் கட்டணமும் தனி. தட்டுப்பாடு என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்பவரிடமும், வாட்ஸ்அப்பில் "ஒரே ஒரு பெட்டி இருக்கு, ஜிபே பண்ணுங்க" என்று வருபவரிடமும் வாங்கவே வேண்டாம். அந்த ஊசி எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

கிடைத்தது சரியான ஊசிதானா?

தட்டுப்பாட்டில் "இதுதான் இருக்கு, போட்டுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அப்போது குழம்பாமலிருக்கச் சில விவரங்கள்.

மூன்று வகை ஃப்ளூ வைரஸுக்கான ஊசியா, நான்கு வகைக்கானதா என்பதில் பிடிவாதம் வேண்டாம். நான்கு வகை ஊசியில் கூடுதலாக இருப்பது பி-யமகட்டா என்ற வகை. அது 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் உலக சுகாதார நிறுவனமே அந்த வகை இனித் தேவையில்லை என்று சொல்லி, மூன்று வகைக்குத் திரும்பச் சொல்கிறது. எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். நான்கு வகைதான் வேண்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பெட்டியில் எந்தப் பருவம் என்று போட்டிருக்கும். தெற்கு அரைக்கோளம் என்றால் ஒரே ஆண்டு, வடக்கு அரைக்கோளம் என்றால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து. இந்தியாவில் இரண்டும் கிடைக்கும். இருப்பதில் புதியதைக் கேளுங்கள். புதியது இல்லையென்றால், காலாவதியாகாத மற்றதைப் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பல ஆண்டுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கையில் கிடைத்ததை விட்டுவிட்டு இன்னும் வராததற்காகக் காத்திருப்பதை, முதியவர்கள் விஷயத்தில் நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த வயதுக்கு என்பதும் பெட்டியில் இருக்கும். சில பிராண்டுகளுக்கு ஆறு மாதம் முதல் அனுமதி, சிலவற்றுக்கு அப்படியில்லை. குழந்தைக்கு என்றால் இதை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள். பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று ஒரே ஊசியைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வடிவமும் உண்டு. அது உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸ். கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அது கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வருகிறது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் பென்டாவேலன்ட் என்ற இடத்தில் 'ஹிப்' என்று பார்த்துவிட்டு, ஃப்ளூ ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். அது மூளைக்காய்ச்சல், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கானது. ஃப்ளூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதியோருக்குப் போடும் 'நிமோனியா ஊசி'யும் வேறுதான். ஆனால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். ஃப்ளூ வந்து பலவீனமான நுரையீரலை அடுத்துத் தாக்குவது பெரும்பாலும் பாக்டீரியாதான். ஃப்ளூ ஊசி கிடைக்காத வருடத்தில் நிமோனியா ஊசியாவது போட்டிருப்பது ஒரு காப்பு.

மெடிக்கலில் வாங்கிக் கொண்டுபோக நேர்ந்தால்

முடிந்தவரை போடும் இடத்திலேயே வாங்குங்கள். வழியில்லாதபோது சில மருத்துவர்கள், "மெடிக்கல்ல வாங்கிட்டு வாங்க, போட்டுவிடறேன்" என்பார்கள். அப்போது கவனம் வேண்டும். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி வரையான குளிரிலேயே இருக்க வேண்டும். வெயிலில் சூடானாலும் கெடும், உறைந்துபோனாலும் கெடும். உறைந்து உருகியதைப் பார்த்து அடையாளம் காண்பது கடினம் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். மேசையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. மழைக்காலத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். வாங்கியதும் ஐஸ் பேக் வைத்த டப்பாவிலோ பையிலோ வையுங்கள். ஆனால் ஐஸ் பேக் ஊசியின் மேல் நேரடியாகப் படக் கூடாது. நடுவில் துணியோ அட்டையோ இருக்கட்டும். மருத்துவர் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகு வாங்கி, நேராக க்ளினிக்குக்குப் போங்கள். வீட்டு பிரிட்ஜில் "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று வைக்காதீர்கள். கதவுப் பகுதியில் வைத்தால் திறந்து மூடும்போது சூடாகும், ஃபிரீசருக்குக் கீழே வைத்தால் உறையும்.

பில் கட்டாயம் வாங்குங்கள். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும்.

போடும் நாளில்

லேசான சளி, மூக்கடைப்பு இருந்தால் தடையில்லை. காய்ச்சல் நன்றாக அடித்தால் தணிந்த பிறகு போடலாம். ஆனால் அந்த ஊசியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

முன்பு ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத்திணறல், முகவீக்கம் போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக் கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் செயலிழக்கும் கில்லன் பாரே என்ற நரம்புப் பிரச்சினை வந்தவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்பவர்களும் சொல்லுங்கள். முன்பெல்லாம் இதற்குத் தடை இருந்தது, இப்போது அவர்களுக்கும் போடலாம் என்றுதான் பல நாடுகள் சொல்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நர்ஸிடம் முன்பே சொன்னால் மெல்லிய ஊசியால் போட்டு, சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். கீமோ எடுப்பவர்கள் எந்த வாரத்தில் போடுவது என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஆறு மாதம் முதல் ஒன்பது வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு முதல் வருடம் மட்டும் இரண்டு டோஸ், குறைந்தது நான்கு வார இடைவெளியில். முதல் டோஸ் போட்டு வெளியே வரும்போதே இரண்டாவதுக்குப் பெயர் பதிந்துவிடுங்கள். அப்போது அதே பிராண்ட் இல்லையென்றால், அந்த வயதுக்கு அனுமதியுள்ள வேறு பிராண்டும் சரிதான்.

போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கை வலி, லேசான காய்ச்சல், உடம்பு அலுப்பு ஓரிரு நாள் இருக்கலாம். இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் இதனால் ஃப்ளூ வராது. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். அதுவரை கவனமாக இருக்க வேண்டும். பாதுகாப்பும் நூற்றுக்கு நூறு கிடையாது. வைரஸ் நன்றாகப் பொருந்திய வருடங்களில் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. இதைக் கேட்டுச் சிலர், "அவ்வளவுதானா?" என்பார்கள். ஊசி போட்டும் வந்துவிட்டால், ஐசியு வரை போகும் ஆபத்தும் குறைகிறது. எழுபது வயது அப்பாவுக்கு அது மிகப் பெரிய விஷயம்.

அக்டோபரில் கிடைக்காமல் டிசம்பரில்தான் கிடைத்தது என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ நம் ஊரில் மழையோடு நின்றுவிடுவதில்லை. 2023-ல் மார்ச் மாதத்தில்தான் எச்3என்2 வகை பரவி, தமிழ்நாட்டில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்துவதாக அரசு அறிவித்தது.

கிடைக்கும் வரை

வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால் அவர் மாஸ்க் போட்டு, முதியவரின் அறையிலிருந்தும் குழந்தையிடமிருந்தும் விலகி இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அதைக் குடித்ததால் ஊசி தேவையில்லை என்று தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

முன்வரிசையில் சொன்ன யாருக்காவது திடீர்க் காய்ச்சல், இருமல், உடம்பு வலி என்று தொடங்கினால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஆரோக்கியமானவருக்கு லேசான ஃப்ளூ என்றால் ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸ் காய்ச்சலுக்கு உதவாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ ஆகிவிடாது. டெங்கு, எலிக்காய்ச்சலும் இதே மாதங்களில்தான் வரும். ஃப்ளூ ஊசி போட்டிருந்தாலும் அவற்றுக்குப் பாதுகாப்பில்லை. இருமல், சளி இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால், கண்ணுக்குப் பின்னால் வலித்தால் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம்.

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலமாவது, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் மயக்கமாகவே இருப்பது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, வலிப்பு. இதில் எது வந்தாலும் உடனே 108.

போட்ட பிறகு ஒரு வேலை

தேதி, பிராண்ட், பருவம், பேட்ச் எண், போட்ட இடம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி, பில்லோடு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் ஆவணி பிறந்ததும், அதாவது ஆகஸ்ட் நடுவில், ஊசி கிடைத்த அதே க்ளினிக்குக்குப் போன் செய்து, "இந்த வருஷமும் எங்க வீட்ல இத்தனை பேருக்கு வேணும், ஆர்டர் போடும்போது சேர்த்துக்கங்க" என்று சொல்லுங்கள். செப்டம்பருக்குள் போட்டுவிட்டால் மழை தொடங்கும்போது எதிர்ப்புச் சக்தி தயாராக இருக்கும். அவர்களும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று முன்பே தெரிந்து ஆர்டர் போடுவார்கள்.